அக்காவுக்குக் கடைசித் தாள் கிடையாது

1

இந்தக் கதை ஒரு வாஷிங் மெஷினிலிருந்து பிறந்தது. கதைகள் காதலிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் பிறக்கின்றன என்று பேட்டிகளில் சொல்வார்கள். நானும் ஒரு பேட்டியில் அப்படித்தான் சொன்னேன். (பேட்டி வெளிவரவில்லை.) ஆனால் உள்ளதைச் சொல்வதென்றால், டிசம்பர் மாதம் ஒரு காலையில் என் அக்கா, புது வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டை மூடிவைத்துவிட்டு, "இருபத்துநாலு. முடிஞ்சுது. நீ தோத்துட்ட" என்றாள்.

"இது புத்தகமா?"

"அட்டை இருக்குல்ல?"

நடுவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். அவர் கையேட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அட்டையை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றார். புத்தகம் என்றால் அட்டை இருக்க வேண்டும் என்பது ஜனவரியில் நானே போட்ட விதி. வார இதழ்களை அவள் கணக்கில் சேர்த்துவிடுவாளோ என்று பயந்து போட்டது. வார இதழுக்கும் அட்டை உண்டு என்பதை அப்போது யோசிக்கவில்லை.

ஆக, ஒரு வருடப் போட்டியில் தோற்றுப்போனேன். தோற்றதுகூடப் பெரிதில்லை. நான் ஜெயித்திருந்தால் என் நாவலை அக்கா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாக வேண்டும். அதுதான் பந்தயம். நாவல் வந்து ஆறு வருடமாகிறது. என் பல் டாக்டர் படித்திருக்கிறார், வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கருத்தும் சொன்னார். நான் மாடியில் இருக்கிறேன், அக்கா கீழ்வீட்டில் இருக்கிறாள். இறங்கினால் ஒரு மாடிப்படி. அந்த ஒரு மாடிப்படியை என் நாவலால் தாண்ட முடியவில்லை. எனக்கு அது வலிக்கிறது. சொல்லிவிட்டேன், இனி சிரிப்பாகப் பேசலாம்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் வரைவு: "சாளரத்துக்கு வெளியே அந்தி மெல்ல மெல்லத் தன்"

அதோடு நிற்கிறது. அந்தி தன் எதை என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை. அதோடு, அக்கா பார்த்தால் "ஜன்னல்னு எழுதினா காசு கேப்பாங்களாடா?" என்பாள்.

இரண்டாவது: "வாசிப்பு என்பது அந்தரங்கமான ஒரு செயல்பாடாக இருக்கிற அதே வேளையில்"

இது கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுக்கு முன் பேசுகிறவரின் குரல். கேட்பவர் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது: "தோற்றவன் பேசுகிறேன்." இது நன்றாக வந்தது. நன்றாக வந்ததாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.

ஆகவே நேராக ஜனவரிக்கே போய்விடுகிறேன். அன்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "வருஷத்துக்கு ஒரு புத்தகமாவது படிக்கிறியாக்கா?" என்று கேட்டேன்.

"உன்னைவிட அதிகமாவே படிப்பேன். பாக்கறியா?"

மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு இருபத்துநாலு என்று பேசி முடித்தோம். முதலில் முடிப்பவரே ஜெயித்தவர். என் நிபந்தனையைச் சொல்லிவிட்டேன். அவள் நிபந்தனை இது: "நான் ஜெயிச்சா, ஞாயித்துக்கிழமை தோறும் நீ கீழ வந்து எங்களோட உக்காந்து சாப்பிடணும். தட்டுக்குப் பக்கத்துல புத்தகம் கூடாது."

இதெல்லாம் ஒரு தண்டனையா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். (வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம். எனக்கு விளங்க டிசம்பர் ஆயிற்று.)

3

இங்கே அக்காவின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். முடிவு பிடித்தால் முன்னால் போய்ப் படிப்பாள். பிடிக்கவில்லையென்றால் புத்தகம் வந்த வழியே போய்விடும்.

"இது அநியாயம்க்கா. எழுதறவன் எவ்வளவு பாடுபட்டு முடிவை மறைச்சு வைக்கிறான்!"

"எதுக்கு மறைக்கணும்? தப்பு பண்ணினவன்தானே மறைப்பான்?"

இந்தக் கேள்வியை எந்த எழுத்தாளரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

அவள் படிப்பதோடு நின்றாலும் பரவாயில்லை. நான் படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் மேசைமேல் கிடந்தால், போகிற போக்கில் அதன் கடைசிப் பக்கத்தையும் ஒரு நோட்டம் விடுவாள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகிறவள் என் கதவைத் தட்டி, "அந்த டாக்டர்தான் விஷம் வச்சது" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை எப்படிப் படிப்பது? ஆகஸ்டுக்குள் இப்படியே நான் பாதியில் போட்டவை பதினொன்று. இது தந்திரமா, வெள்ளந்தியா என்று இன்றுவரை தெரியாது. நடுவரிடம் முறையிட்டேன். "படிக்கக் கூடாதுன்னு அவ சொல்லலையே. தெரிஞ்சதைத்தானே சொன்னா" என்றார்.

4

அத்தானை என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்தக் கதையின் பலவீனமான பாத்திரம் அவர்தான். அவருக்கு ஆசை என்று எதுவும் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். போட்டி ஆரம்பித்த மூன்றாம் மாதமே எங்கள் இருவருக்கும் படிக்கும் கண்ணாடி போட்டுவிட்டதால், இந்தப் போட்டியில் லாபம் பார்த்த ஒரே ஆள். அவர் வாழ்நாளில் ஒழுங்காகப் படித்தது கடைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை மட்டும்தான். அதையும் மனப்பாடமாகச் சொல்வாரே தவிர, பார்த்துச் சொல்ல மாட்டார்.

அவரை நீக்கிவிட்டு, கண்டிப்பான ஒரு சித்தியை நடுவராகப் போட்டு ஒரு வரைவு எழுதினேன். சித்தி இரண்டாம் பத்தியிலேயே வாஷிங் மெஷின் கையேட்டைத் தூக்கி எறிந்துவிட்டாள். நான் ஜெயித்தேன், கதை செத்தது. மன்னிப்புக் கேட்டு அத்தானைத் திரும்ப அழைத்து வந்தேன். நீக்கப்பட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் "அப்படியா?" என்பார்.

5

ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒருநாள், இனிப் பொறுப்பதில்லை என்று கேட்டேவிட்டேன். "ஏன்க்கா முடிவை முதல்ல பாக்கறே? அவ்வளவு அவசரமா?"

அவள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கிறாள். காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன், எதிரே இரண்டு திரை, நாள் முழுக்க அடுத்தவர் பதற்றம். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பொண்ணு கூப்பிட்டா. அவங்கப்பா மூச்சு விடலன்னு. நெஞ்சுல எப்படி அழுத்தணும்னு சொல்லிக் குடுத்தேன். ஒண்ணு, ரெண்டுன்னு நானும் கூடவே எண்ணினேன். வண்டி வந்துருச்சு. அவ்வளவுதான், லைன் கட். பொழச்சாரா, இல்லையா? எனக்குத் தெரியாது. யாரும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்கடா. நானும் கேக்கக் கூடாது, அது ரூல். நாள் பூரா எல்லாத்துலயும் பாதிதான் கெடைக்குது. புத்தகத்துலயாவது மீதி இருக்கே, அதை எதுக்கு விடணும்?"

(இந்த இடத்தில் ஒரு உவமை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். உவமை போடுகிற இடமா இது?)

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்து, கீழே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். வைத்தேன். மறுநாள் வழக்கம்போலக் கதவைத் தட்டி, "தங்கச்சிக்காரிதான் திருடினது" என்றாள். என் பன்னிரண்டாவது புத்தகமும் போயிற்று.

6

இனி டிசம்பர். தீர்ப்பு வந்த சூட்டோடு சூடாக, மாடிக்கு ஓடிப்போய் என் நாவலை எடுத்துவந்து அவள் முன்னால் போட்டேன்.

"சரி, நீ ஜெயிச்சுட்ட. ஒண்ணு மட்டும் சொல்லு. ஆறு வருஷமா இதை ஏன் தொடல?"

"முடிவைப் பாத்தேனே. வந்த அன்னிக்கே பாத்துட்டேன். தாங்கல. மூடி வச்சுட்டேன்."

"அவன் செத்துப்போறதா?"

"யாரு செத்தா? அதான் கடைசியில அந்த ஆளு தனியா கெடக்கானே. ரெண்டு பூனையோட."

என் நாவலில் பூனையே கிடையாது.

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடைசிப் பக்கம். தலைப்பு ஏதுமில்லாத ஒரே ஒரு பத்தி: "தற்போது இரண்டு பூனைகளுடன் தனியே வசித்து வருகிறார். எழுத்தைத் தவிர அவருக்கு வேறு துணையில்லை."

ஆசிரியர் குறிப்பு! 'ஆசிரியர் குறிப்பு' என்கிற தலைப்பு அச்சில் விடுபட்டுப்போயிருக்கிறது. பத்தியும் என்னுடையதில்லை. அதே மாதம் புத்தகம் போட்ட வேறு யாரோ ஒருவருடையது. எனக்குப் பூனை பக்கத்தில் வந்தாலே தும்மல். இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது அச்சகத்தில், பிழை திருத்துபவனாக. ஊரில் உள்ள புத்தகங்களின் ஒற்றுப்பிழையெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. என் சொந்தப் புத்தகத்தில் கதை முடிந்த இடத்தோடு மூடிவிட்டேன்.

"அக்கா, இது கதையில்லை. இது என்னைப் பத்தி எழுதினது. அதாவது, என்னைப் பத்தின்னு நெனச்சு வேற யாரையோ பத்தி எழுதினது."

"எனக்கும் உன்னைப் பத்தின்னுதான்டா பட்டுச்சு" என்றாள். குரல் கொஞ்சம் தடுமாறியது. "மாடியில தனியா ஒரு ஆளு. வேற துணையில்லையாம். கீழ நான் ஒருத்தி உக்காந்திருக்கேன். அதைப் போய் எப்படி முதல்லேருந்து படிக்கச் சொல்றே?"

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண் கலங்கிவிட்டது. அத்தான் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார்.

அக்காவே சமாளித்துக்கொண்டு, "சரி, அப்ப நெஜ முடிவு என்ன?" என்று முந்தைய பக்கத்தைத் திருப்பப் போனாள்.

"அதுல அவன் செத்துருவான்."

"பாத்தியா! அதுக்குப் பூனையே தேவலை." புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு மனசு கேட்காமல், "சின்னதா ஒண்ணு எழுதிக் குடு. வருஷம் முடியறதுக்குள்ள முழுசாப் படிக்கறேன். ஆனா கடைசித் தாளை முதல்ல குடுத்துடணும்" என்றாள்.

அந்தச் சின்னது இதுதான்.

7

இன்று வருடத்தின் கடைசி நாள். அக்கா மேலே வந்து என் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாள். சீருடை போட்டாயிற்று. மதிய ஷிஃப்டுக்கு வேலையிடத்து வேன் எந்த நேரமும் வந்துவிடும். நான் உள்ளறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு பகுதிகளையும் சற்றுமுன் அவளிடம் கொடுத்தேன்.

"கடைசித் தாள் எங்க?"

"எழுதிட்டிருக்கேன்."

"அப்ப எப்படிப் படிக்கறது?"

"எல்லாரும் படிக்கற மாதிரிதான். மேலேருந்து."

"கள்ளப் பய" என்றாள். ஆனால் தாளின் சத்தம் கேட்கிறது.

இதற்குள் நான் முடிவை எழுதியாக வேண்டும். கைவசம் சில இருக்கின்றன.

முடிவு அ: அக்கா நாவலைப் படித்துவிட்டு அழுகிறாள். (அவள் படிக்க மாட்டாள். பூனையே தேவலையாம்.)

முடிவு ஆ: அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டு, "எங்கப்பா பொழச்சுட்டாரு" என்று சொல்கிறாள். இதை எழுதக் கை துடிக்கிறது. இரண்டு வரி எழுதியும் விட்டேன். ஆனால் அக்காவுக்குக் கிடைக்காத ஒன்றை நான் கற்பனையில் செய்து கொடுத்தால் அவளுக்குக் கோபம் வரும். வர வேண்டும். அடித்துவிட்டேன்.

முடிவு இ: அத்தான் ஒரு புத்தகம்

முன்னறையில் சிரிப்புச் சத்தம். எந்த இடம்? ஜன்னலா, சித்தியா? எழுந்துபோய்க் கேட்கலாமா? கூடாது. உட்காருடா.

தாள் புரள்கிறது. இப்போது சத்தமே இல்லை. ஐந்தாம் பகுதியாக இருக்க வேண்டும். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கக் கூடாதோ? மூக்கை உறிஞ்சுகிறாள். ஜலதோஷமாகவும் இருக்கலாம். இல்லை, ஜலதோஷம் இல்லை. என் அக்கா நான் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறாள், வரிசையாக, முதலிலிருந்து. எனக்குப் பேனா ஓடவில்லை.

வேனின் ஹாரன். வந்துவிட்டது.

அவள் கதவருகே வந்து நிற்கிறாள். கையில் தாள்கள், நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. "டேய், அப்புறம் என்ன ஆச்சு?" என்கிறாள்.

"தெரியலக்கா. இன்னும் எழுதல."

பக்கத்தில் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். இந்த வரியைப் படிக்கிறாள். "நான் மூக்கை உறிஞ்சல" என்கிறாள். "உறிஞ்சின" என்கிறேன். மறுபடியும் ஹாரன். இரண்டு படி இறங்கியவள் திரும்பி வந்து, கடைசித் தாளைக் குப்புறக் கவிழ்த்து, மேலே என் கண்ணாடிக் கூட்டை வைக்கிறாள்.

"நான் வர்ற வரைக்கும் முடிச்சுடாத."

வாசகரே, என்னை மன்னியுங்கள். நீங்களும் எனக்கு வேண்டியவர்தான், ஆனால் அவள் என் அக்கா. தாளின் ஓரத்தைத் தூக்கி இவ்வளவையும் எழுதியதே அவளுக்குத் தெரியக் கூடாது. முடிவு கட்டாயம் வேண்டுமென்றால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.