ஜோசப்புக்கு நான் எடுத்த அட்டை

1

இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை. எங்கள் சபையின் பாஸ்டர் மோசஸ் மாத இதழுக்கு மூன்று பக்கம் கேட்டார். பொருளையும் அவரே தந்தார்: கடவுள் தம் அன்பை மனிதனுக்கு எப்படித் தெரிவிக்கிறார்.

"நம்ம சபை ஜோசப் மேட்டர எழுதுங்க சார். கர்த்தர் அவர உசுரோட வச்சாரு பாருங்க, அத எழுதுங்க. கடசில படிக்கிறவங்க கண்ணு கலங்கணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. தேவனின் அன்பும் மழையைப் போலவே—

அடித்துவிட்டேன். அந்த மழைதான் ஜோசப் வேலை செய்த இரும்பு உருக்காலையின் முற்றத்தில் கிடந்த பழைய இரும்பை நனைத்தது. ஈர இரும்பை உலையில் கொட்டினால் வெடிக்கும். உலையடியில் நிற்கும் எல்லோருக்கும் இது தெரியும். கொட்டச் சொன்னவருக்கும் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: ஜோசப் நல்ல மனிதர்.

இதையும் அடித்தேன். நல்ல மனிதர் என்று படித்ததுமே அவருக்கு ஏதோ ஆகப்போகிறது என்று நீங்கள் தயாராகிவிடுவீர்கள். ஜோசப்புக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

நவம்பர் பதினொன்று, காலை பதினொன்றரை மணி. உலை வெடித்தது. ஜோசப் வெளியே ஓடிவந்துவிட்டார். உள்ளே ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் கத்தினான். ஜோசப் திரும்பிப் போய் அவனை இழுத்து வந்தார். பையன் பிழைத்தான். ஜோசப்பின் இரண்டு கைகளும் முகமும் வெந்துபோயின. பார்வை இருக்கிறதா என்பது கண்கட்டைப் பிரித்தால்தான் தெரியும்.

ஆலை வாசலில் ஒட்டிய காகிதத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று இருந்தது. (சுருக்கமாக எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். இவரைப் பிடிக்கவில்லை.)

3

எங்கள் சபையை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் ஒரு தட்டு வரும். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்து ஓர் அட்டை எடுப்பார்கள். வாக்குத்தத்த அட்டை. அதில் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷத்துக்குக் கடவுள் உங்களிடம் மட்டும் சொல்லும் வார்த்தை அது. பிரேம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு, பர்சில் வைக்கிறவர்கள் உண்டு. ஷிப்டில் இருப்பவருக்காக வேறொருவர் எடுக்கலாம். ஒரே விதி: பார்க்கக் கூடாது.

இந்த ஜனவரி முதல் தேதி ஜோசப்புக்கு ஷிப்ட். அவர் மனைவி முத்தம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். மோசஸ் தட்டை என்னிடம் நீட்டினார்.

"ஜோசப்புக்கு நீங்க எடுத்துக் குடுத்துடுங்க சார்."

நான் பார்த்தேன்.

4

பார்த்தேன், புரட்டினேன், தேடினேன். நெருப்பின் நடுவே போனாலும் உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும் வசனம் கிடைத்தது. உலையில் வேலை செய்பவருக்கு நெருப்பு வசனம். பொருத்தமாக இருந்தது. நான் பொன்னேரியில் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறேன். பொருத்தம் என்றால் எனக்கு வாயில் எச்சில் ஊறும்.

ஜோசப் அதை லேமினேட் செய்து ஹெல்மெட்டுக்குள் ஒட்டிக்கொண்டார். "ஆண்டவரு அட்ரஸ் பாத்து கரெக்டா போட்டுகீறாரு சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை.

தீக்காய வார்டு வாசலில் முத்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார் அந்த வசனத்த குடுத்தாரு ஆண்டவரு? வேற இல்லியா அவராண்ட? அப்பம் குடுக்கற வசனம், ஆடு மேய்க்கற வசனம், எவ்ளோ கீது! இத நம்பிகினுதான சார் அவரு திரும்பி உள்ள போயிருப்பாரு?"

"ஜெபம் பண்ணுவோம்மா" என்றேன்.*

* இந்தக் கதையின் ஆக மோசமான வாக்கியம். வாயால் சொன்னது. அடிக்க முடியவில்லை.

5

மோசஸுக்கான முடிவு: கண்கட்டைப் பிரிக்கிறார்கள். ஜோசப்புக்குப் பார்வை இருக்கிறது. முதலில் அவர் கண்ணில் படுவது அந்த அட்டை. ஆமென்.

எனக்கான முடிவு: பார்வை இல்லை. கடவுள் மௌனமாக இருக்கிறார். இதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.

[இங்கே ஒரு பத்தி கட்டுரை. எங்கள் நம்பிக்கைப்படி கடவுள் முதலில் வார்த்தைகளை அனுப்பினார். கற்பலகையில் எழுதித் தந்தார். தீர்க்கதரிசிகளிடம் சொல்லியனுப்பினார். போதவில்லை. கடைசியில் உடம்பெடுத்துத் தாமே வந்தார், ஆணியடி பட்டார். அன்பைத் தெரிவிக்க அவருக்கே எழுத்து போதவில்லை. இதை ஆயிரம் பிரசங்கத்தில் கேட்ட நாங்கள் வருஷா வருஷம் அட்டை அச்சடிக்கிறோம்.]

6

இன்று காலை மாற்றுத்துணி எடுக்க முத்தம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வந்திருந்தாள். வீட்டுக்குக் கூப்பிட்டு, இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீயா எடுத்த?"

"ஆமா."

"பாத்தா எடுத்த?"

"ஆமா."

"இத்தினி நாளா ஆண்டவர கண்டமேனிக்கு திட்டிகினு கீறேன். நீ பக்கத்துல நின்னு கண்ண மூடிகினு ஜெபம் பண்ற. அன்னிக்கு மூடறதுக்கு இன்னா வந்துச்சி உனுக்கு?"

"நான்தான் அவர உள்ள அனுப்பிட்டேன், முத்தம்மா."

"யோவ், நீ யாருய்யா அனுப்ப? நானும் அட்டைய நம்பிதான் போனாருன்னு நெனச்சேன். முந்தாநேத்து அவராண்டயே கேட்டேன். 'அட்டையாவது மட்டையாவது, அந்தப் பையன் கத்துனான்டி'ன்னாரு. அவ்ளோதான். பெருசா எடுத்துக் குடுத்துட்டாரு வாத்தியாரு, அத படிச்சிட்டு என் வூட்டுக்காரரு நெருப்புல குதிச்சாராம்!"

அவள் எழுந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். கதவருகே நின்றாள்.

"ஆனா அந்த அட்டைய தலமாட்டுல வைன்னு கேட்டுகினே கீறாரு. கண்ணு கட்டிகீது, கையால தொடவும் முடியாது. இருந்தாலும் வேணுமாம். ஆண்டவரு அவருக்குன்னே அனுப்பிச்சதாம். இப்ப நான் போயி இன்னா சொல்றது?"

"இத எழுதி முடிச்சிட்டு—"

"எழுதாத. வா."

7

ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கிறது, அதில் முத்தம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து இடத்தில் பையை வைத்து யாரையும் உட்காரவிடாமல் சண்டை போடுகிறாள். குரல் இங்கே கேட்கிறது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மோசஸ், மீதிப் பக்கத்தை வெள்ளையாக விடுங்கள். முடிவு வேண்டும் என்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். நான் இனி யாருக்கும் எடுத்துத் தரமாட்டேன்.

ஹார்ன் அடிக்கிறார்கள்.