அத்தை வர்ணமடித்த அறை

கூடத்தை ஜிப்சம் போர்டால் தடுத்து ஓர் அறை எடுக்கப் போவதாக அண்ணன் சொன்னபோது, தங்கைக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. புருஷனை விட்டு வந்ததிலிருந்து அந்தக் கூடத்தில்தான் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்து வந்தாள். கடைசி ஆள் டி.வி.யை அணைத்தால்தான் அவளுக்குத் தூக்கம். முதல் ஆள் எழுந்தால் அவளுக்கும் விழிப்பு.

"ரூம் யாருக்குண்ணே?"

அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பதில் சமையலறையிலிருந்து வந்தது. "உனக்குத்தான், வேற யாருக்கு? எத்தனை நாளைக்கு ஹால்ல உருண்டுக்கிட்டு கெடப்ப?" என்றாள் அண்ணி.

அண்ணி அவளிடம் இவ்வளவு இதமாகப் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. அதிலேயே அவள் உருகிப் போனாள்.

போர்டுக்காரர் வந்து சட்டம் அடித்து, பலகை மாட்டி, இணைப்புகளுக்குப் பட்டி பூசிவிட்டு வேலையை முடித்தார். "பெயிண்ட் அடிக்க ஆள் எதுக்கு? உன் ரூம், நீயே அடிச்சுக்கோ. பொழுதும் போகும்" என்றாள் அண்ணி. போர்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே தங்கையிடம், "பிரைமர் போடாம கலர்ல கை வைக்காதீங்கம்மா. புது போர்டு, ஊத்துறதையெல்லாம் குடிச்சிரும். அப்புறம் திட்டுத் திட்டாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனின் பழைய சட்டையை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு அவள் வேலையில் இறங்கினாள். உப்புத்தாளால் பட்டியைத் தேய்த்ததில் புருவமெல்லாம் வெளுத்து, கண்ணாடியில் பார்த்தால் கிழவி மாதிரி இருந்தாள். தூசியைத் துடைத்துவிட்டு, மூலைகளில் பிரஷ்ஷாலும் மற்ற இடத்தில் ரோலராலும் பிரைமர் போட்டாள். அது காய்ந்ததும் அதுவரை ஒளிந்திருந்த குறையெல்லாம் பல்லை இளித்தது. இங்கே ஒரு ஸ்க்ரூ தலை, அங்கே ஒரு கீறல். சலிக்காமல் மறுபடி பட்டி வைத்து, தேய்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் தொட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் இளம்பச்சை டப்பாவைத் திறந்தாள். அந்தப் பச்சைக்கு அண்ணி மறுபேச்சே பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அண்ணன் மகன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். இடுப்பில் வைத்து அவள் சோறூட்டிய பிள்ளை. "சூப்பரா இருக்கு, அத்தை" என்றவன், அவள் திரும்புவதற்குள் நழுவிவிட்டான்.

இரண்டாவது கோட் காய்ந்த அன்று கட்டில் வந்தது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள்.

"இவ்வளவு பெரிய கட்டில் எனக்கு எதுக்கு அண்ணி?"

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கா? நீ யாரோட படுக்கப் போற?"

கட்டில் தூக்கி வந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்கள். அண்ணியும் சேர்ந்துகொண்டாள். "எம் பையன் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்தா, ரெண்டு பேரும் ஹால்லயா படுப்பாங்க? கொஞ்சமாவது யோசிக்க மாட்ட?"

அவள் சுதாரிப்பதற்குள் வாசலில் கார் நின்றது. பெண் வீட்டார். தலையில் பச்சைப் புள்ளிகளும் கையில் ரோலருமாக அவள் அப்படியே நின்றாள்.

பெண்ணின் அம்மா சுவரைத் தடவிப் பார்த்தாள். "வழவழன்னு இருக்கே! யாரு அடிச்சது?"

"இதோ, இவங்கதான்" என்றாள் அண்ணி. "வேலைக்கு வந்தவங்க."

அண்ணன் மின்விசிறியை அண்ணாந்து ஆராய்ந்தார். அவள் மருமகனைப் பார்த்தாள். 'அத்தை' என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து விழுந்தால் போதும். அவன் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"எங்க வீட்டு மாடியிலயும் போர்டு வேலை முடிஞ்சு சும்மா கெடக்கு. வந்து அடிச்சுத் தர்றீங்களா? அங்கேயே தங்கிக்கலாம்" என்றாள் பெண்ணின் அம்மா.

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி உள்ளே போய் அவளுடைய பையைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். துணிமணியெல்லாம் அடுக்கி ஜிப்பும் போட்டிருந்தது. கண்மண் தெரியாத கோபத்தில் காரில் ஏறினாள். போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். நேரம் பார்த்து எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும். அந்தப் பெண்ணும் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும். கல்யாணம் நின்று, அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த நினைப்பே அவளுக்கு இனித்தது.

மாடி அறையில் பிரைமர் காய்ந்துகொண்டிருந்த மத்தியானம் அம்மாவும் மகளும் டீயோடு வந்தார்கள். அவள் ஏணியிலிருந்து இறங்கினாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்மா. நான் வேலைக்காரி இல்ல. மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை. அவங்கப்பா கூடப் பொறந்தவ. சொந்த ரத்தத்துக்கே இப்படிப் பண்ற வீட்டுல உங்க பொண்ணக் குடுக்கிறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க."

பெண்ணின் அம்மா டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தெரியும்மா. முதல்லயே தெரியும். வாழாவெட்டி அத்தை இருக்கிற வீட்டுக்குப் பொண்ணு தர மாட்டோம்னு நாங்கதான் சொன்னோம். நீங்க அழுது ஊரைக் கூட்டாம உங்களைக் கெளப்பணுமேன்னு உங்கண்ணன் கேட்டாரு. சரி, எங்க மாடியிலயும் வேலை இருக்கே, நானே வந்து கூட்டிட்டு வந்துர்றேன்னு சொன்னேன்."

"எங்கண்ணனா கேட்டான்?"

"பின்ன? உங்க அண்ணி பாவம், கொஞ்ச நாள் கழிச்சு அனுப்பலாம்னுதான் சொல்லிச்சு."

அண்ணியைத் திட்டுவதற்காக அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு இனி வேலை இல்லை. பெண் அதுவரை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சர்வ சாதாரணமாகக் கேட்டாள். "ஆன்ட்டி, அந்த ரூம் பச்சை எனக்குப் பிடிக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி வந்து வேற கலர் அடிச்சுக் குடுப்பீங்களா?"

அவள் டீயைக் குடித்தாள், பசித்தது. போக ஓர் இடம் இருந்திருந்தால் ரோலரை அங்கேயே வீசிவிட்டுப் போயிருப்பாள். இல்லை. ஏணியில் ஏறி அந்தச் சுவருக்கும் கடைசி கோட் வரை அடித்து முடித்தாள்.

பிறகு போர்டுக்காரருக்குப் போன் போட்டாள். வேலை கேட்டாள். அவருக்குப் பெயிண்ட் ஆள் தேவைப்பட்டது. தங்குவதற்குத் தையல் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த ஓர் அறையைக் காட்டினார். அங்கேயும் மடக்குக் கட்டில்தான். கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. முகூர்த்த நாள் காலையில் அவள் யாரோ ஒருத்தர் வீட்டு வரவேற்பறையில் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குன்னு யாரும் இல்லையாம்மா?" என்று போர்டுக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இல்ல" என்றாள்.

அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது. முகத்தில் அப்பியிருந்த தூசியைத் தோளில் துடைத்துக்கொண்டு, உப்புத்தாளை மடித்து, அடுத்த இணைப்பில் வைத்தாள்.