நீல மூடி

மலேசியாவின் கோலா பிலா பசாருக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டு வாசலில் பிக்கப்பை முடுக்கிய யோகேந்திரனுக்கு, சற்று முன் குடித்த தேநீர் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. மீட்டருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. அட்புளூ தீரப்போகிறது, ஊற்றாவிட்டால் வண்டி கிளம்பாது என்று மிரட்டியது.

பழைய வண்டி இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அது பாட்டுக்குக் கரும்புகையைக் கக்கிக்கொண்டு போகும், வரும். ஊர்தான் இருமும். புது வண்டி நாகரிகமானது. டீசல் ஊற்றும் வாய்க்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்ட இன்னொரு வாய் அதற்கு உண்டு. அதில் ஊற்றுகிற, பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும் அட்புளூ என்ற மருந்துதான் புகையின் நஞ்சை முறிக்கிறதாம். "ஒரு தடவ ரொப்புனா அடுத்த சர்வீஸ் வரைக்கும் கவலையே இல்ல, போஸ்" என்று விற்றவன் கையைக் குலுக்கி அனுப்பியிருந்தான். இப்போதோ சர்வீசுக்குப் பாதி தூரம்கூட ஓடவில்லை, தொட்டி காலி.

யோகேந்திரன் கெட்டவன் அல்ல. தோட்டத்தில் பிறந்து, குலை வெட்டிய அப்பனுக்கு மகனாக வளர்ந்து, இன்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் குத்தகைக்காரனாக உயர்ந்தவன். உழைத்துச் சேர்த்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எது குறைந்தாலும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வேலைக்கு வண்டியை ஓட்டுகிறவன் அர்ச்சுனன். இரண்டு பேரும் ஒரே தோட்டத்து லய வீடுகளில் ஓடி விளையாடியவர்கள். மருந்து டின் இருக்கும் கொட்டகைச் சாவியும் அவனிடம்தான் இருந்தது.

"அர்ச்சுனா, இது எங்கலா போவுது?"

"ஊத்துறது தெரியும்ண்ணே. எங்க போவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வண்டிதான் குடிக்குது போல."

அந்தப் பதில் உண்மை. ஆனால் சந்தேகப்பட்டவன் காதில் உண்மையும் திமிராகத்தான் விழும். அன்று சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர், எங்கோ ஒரு லாரி டிரைவர் அட்புளூவை உறிஞ்சி விற்று மாட்டிக்கொண்ட கதையைச் சுவையாகச் சொல்ல, யோகேந்திரனின் மனத்துக்குள் தீர்ப்பே எழுதி முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் பூசைக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. தோட்டத்தில் ஏதாவது காணாமல் போனால் போலீசுக்குப் போகுமுன் முனீஸ்வரரிடம் போவதுதான் வழக்கம். சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, 'நான் எடுக்கல' என்று சொல்லவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை அவர் பார்த்துக்கொள்வார்.

யோகேந்திரன் எல்லார் முன்னாலும் கேட்டான். "வண்டி மருந்து காணாமப் போயிக்கிட்டே இருக்கு. சாவி ஒங்கிட்டதான் இருக்கு. எடுக்கலன்னா சூடத்த அணைச்சு சொல்லு."

அர்ச்சுனனின் மனைவி ரோகினி, கையில் பூத்தட்டோடு, கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோயில் தலைவர் சந்திரன், "வேணாம்பா, வீட்ல பேசிக்குங்க" என்று தடுத்துப் பார்த்தார். அர்ச்சுனன் கேட்கவில்லை. தட்டில் எரிந்த சூடத்தின் மேல் கையை வைத்து அழுத்தினான்.

"ஒரு சொட்டு எடுக்கல. எடுத்திருந்தா என் குடும்பம் வெளங்காது."

அதோடு விட்டிருக்கவேண்டும். நரம்பில்லாத நாக்கு விடவில்லை. "இந்தக் காலத்துல சாமிக்கு எவன் பயப்படுறான்" என்று யோகேந்திரன் முணுமுணுத்தான். முணுமுணுப்புதான், ஆனால் அது கடைசி வரிசைவரை கேட்டது. சத்தியம் கேட்டவனே சத்தியத்தை நம்பாவிட்டால் சாமிதான் என்ன செய்யும்? அர்ச்சுனன் சாவிக்கொத்தை அவன் காலடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

பிறகு ஊருக்குச் சொல்லவேண்டுமா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. ஊர்ப் பேச்சில் அவன் திருடிய மருந்து டீசலானது, டீசல் டயரானது. ரெம்பாவ் பக்கம் வேலை கேட்டுப் போன இடத்திலும் அர்ச்சுனனுக்கு முன்பே அவன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் சாலையோரம் புல் வெட்டும் வேலைதான் அகப்பட்டது.

புது டிரைவர் கிடைக்கும்வரை யோகேந்திரனே வண்டியை ஓட்டினான். கொட்டகைக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான். தொட்டியைத் தன் கையாலேயே ரொப்பினான். 'ஒரே நடையில் முடித்துவிடு' என்று அர்ச்சுனனிடம் அவன் சொல்லி ஏற்றவைத்த பாரத்தையே தானும் ஏற்றினான். குலைகள் தலைக்கு மேல் குவிந்து நிற்க, பின்சக்கரங்கள் நசுங்க, மேட்டுச் சாலையில் வண்டி முக்கி முனகி ஏறியது. ஆலை வாசலில் வரிசை நகராதபோதெல்லாம் குளிர்சாதனத்துக்காக இஞ்சினை ஓடவிட்டான்.

ஒருநாள் அந்த மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் விளக்கு எரிந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கி நீல மூடியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தான். இப்போது யாரைக் கூப்பிட்டுச் சூடம் அணைக்கச் சொல்வது?

மறுநாளே சிரம்பானில் உள்ள சர்வீஸ் நிலையத்துக்குப் போனான். எங்காவது ஒழுகுகிறது என்று சொல்லிவிடமாட்டார்களா என்று உள்ளூர ஓர் ஆசை. முகப்பில் இருந்த மதுமிதா வண்டியைச் சோதிக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒழுகல, அங்கிள். எல்லாம் ஓகேதான். என்ன ஏத்துறீங்க?"

"செம்பனைக் குலை."

"நெறைய ஏத்துவீங்களா?"

அவன் மேசையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"பாரம் கூடுனா டீசல் கூடக் குடிக்கும். டீசல் கூடுனா அட்புளூவும் கூடும். புக்கிட் மேட்டுல ஏறுனா இன்னும் கூடும். விக்கிறவங்க சொல்ற கணக்கு காலி வண்டி ஹைவேல போறதுக்கு. வண்டி புக்லயே இருக்கே, படிக்கலையா?"

"அப்ப... யாரும் எடுக்கல?"

மதுமிதா சிரித்துவிட்டாள். "இத யாரு அங்கிள் எடுப்பாங்க?"

அவளுக்கு அது வேடிக்கை. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியோடு கொடுத்த புத்தகம் உறை பிரிக்காமல் இருக்கைக்கு முன்னால் உள்ள சிறு பெட்டியில் கிடந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றச் சொன்னவன் இவன். பழி சுமந்தவன் அவன்.

உண்மை தெரிந்தது அவன் ஒருவனுக்குத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வராமல் இல்லை, வந்தது. ஆனால் சூடத்தின் மேல் அழுந்திய அந்தக் கை கண்ணிலேயே நின்றது. நேராக அர்ச்சுனன் வீட்டுக்கு வண்டியை விட்டான்.

அர்ச்சுனன் வேலையிலிருந்து திரும்பிச் சமையற்கட்டு வாசலில் நின்று சட்டையில் ஒட்டிய புல்லை உதறிக்கொண்டிருந்தான். யோகேந்திரன் வாசலைத் தாண்டி உள்ளே போய், அக்கம்பக்கம் கேட்காத குரலில், "தப்பு என் மேலதான்லா. வண்டிதான் குடிச்சிருக்கு. மனசுல வச்சுக்காத, நாளைக்கே வேலைக்கு வந்திரு" என்றான்.

ரோகினிதான் பேசினாள்.

"அண்ணே, பசார்ல நான் நின்னா கடக்காரன் என் பையப் பாக்குறான். ஸ்கூல்ல எம்புள்ளையப் பாத்து, உங்கப்பா என்ன திருடுனாருன்னு கேக்குறாங்க. அன்னைக்கு ஊரே கேக்குற மாதிரி சொன்னீங்க. இன்னைக்கு எங்க சமையக்கட்டுல வந்து மெதுவா சொல்றீங்களே, இது யார் காதுல விழும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். யோகேந்திரன் தலை குனிந்தபடி வெளியேறினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை தொடங்குமுன் அவன் சந்திரனிடம் அனுமதி கேட்டு முன்னால் வந்து நின்றான். பின்வரிசையில் அர்ச்சுனனும் ரோகினியும் நின்றார்கள். 'வரவேண்டும்' என்று சந்திரன் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. வண்டி மருந்த யாரும் எடுக்கல. நான் அளவுக்கு மீறி பாரம் ஏத்தச் சொன்னதுக்கு வண்டிதான் குடிச்சிருக்கு. புக்கத் தொறந்து பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அர்ச்சுனன் ஒரு சொட்டுத் தொடல." பின்வரிசையைப் பார்த்துத் தொடர்ந்தான். "தீர விசாரிக்காம ஒருத்தனத் திருடன்னு சொல்றதும் திருட்டுதான். பொருள் போனா வேற வாங்கிக்கலாம். மனுசனோட பேரு போனா எந்தக் கடையில வாங்குறது? நான் அவன் பேரத் திருடிட்டேன். மன்னிச்சிரு, அர்ச்சுனா."

அன்றைக்கு டயர் கதை பரப்பியவர்கள் இன்று தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ரோகினி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அர்ச்சுனன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெல்ல முன்னால் வந்தான். கட்டிப்பிடிக்கவில்லை, கையும் நீட்டவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான்.

"வேலைக்கு வர்றேண்ணே. ஆனா இனிமே வண்டி தாங்குற பாரம்தான் ஏத்துவேன். அப்பறம், எது கொறைஞ்சாலும் மொதல்ல என்னைத் தனியா கூப்ட்டுக் கேளுங்க. அதுக்கப்பறம் ஊரக் கூட்டலாம்."