இரட்டைப்படை வசனங்கள்

நைனாவுக்குப் பேச்சு நின்றுபோய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சித்தூர் வீட்டில் காபி டம்ளரைக் கீழே போட்டவர்தான், வலது கையும் காலும் வராமல்போய்த் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு வருவதானால் இப்போதே வர ஆரம்பிக்க வேண்டும், நாள் தள்ளத் தள்ளக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் திருச்சானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சும்மா பேசிக்கினே இருங்கக்கா. காதுல எல்லாம் ஏறுது" என்றாள் நர்ஸ் மோகனப்ரியா.

பேசச் சொன்னால் எனக்குக் கேட்கவா வேண்டும்? ரூம் சாவியோடு ஊருக்குப் போய்விட்ட கல்யாண கோஷ்டியின் கதையைச் சொன்னேன். பங்காருபாளையத்தில் மாங்காய் விலை விழுந்ததைச் சொன்னேன். காலமெல்லாம் அங்கே மாங்காய் மண்டியில் எடை போட்ட மனிதர், விலையைக் கேட்டும் அசையவில்லை. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி ஜாபேஸ் சித்தூரிலிருந்து நைனாவின் வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்தான். "அக்கா, இத்த படிச்சிக் காட்டு."

"நீயே படி. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"யாரு, நைனாவுக்கா?"

"மேல இருக்கறவருக்கு."

அவனுக்குத் தெரியாததா? அம்மா படுத்தபடுக்கையாகக் கிடந்தபோது சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. அம்மா போய்ச் சேர்ந்தாள். கேட்டதைத் தராதவரிடம் இனி என்ன பேச்சு என்று அன்றைக்கு வேதத்தை மூடியவள்தான் நான். கிறிஸ்துமஸுக்குச் சித்தூர் போனாலும், எல்லாரும் சர்ச்சுக்குக் கிளம்பும்போது நான் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். நைனா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜாபேஸ் கிளம்பிப் போனபின் மனசு கேட்கவில்லை. புத்தகத்தைத் திறந்தேன். என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. எங்கள் வீட்டில் பேச்சும் ஜெபமும் தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. தமிழில் கடைப் பலகை படிப்பேன், அவ்வளவுதான். சரியென்று போனில் தெலுங்கு வேதத்தை எடுத்தேன். மலைகளைப் பார்த்து உதவி தேடுகிறவரின் சங்கீதம், எட்டே வசனப் பாட்டு, நைனாவுக்கு உயிர். அதை வாசித்தேன்.

நைனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய ஆண்டவர் தமிழ்க்காரர். மண்டியில் நாளெல்லாம் தெலுங்கில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவர், சாயங்காலம் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தால் தமிழ்தான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இரு நைனா, பாக்காமயே சொல்றேன்" என்று தமிழில் ஆரம்பித்தேன். வாய் தானாக ஓடியது. வானத்தையும் பூமியையும் படைத்தவரிடமிருந்து வரும் உதவி. கண் அயராத காவல்காரர். பகலில் சுடாத வெயில். அங்கே நின்றேன். ஏதோ இடித்தது. நடுநடுவே வசனங்களைக் காணோம்.

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் குடும்ப ஜெபத்தில் ஒற்றைப்படை வசனமெல்லாம் நைனாவுக்கு. இரட்டைப்படை எங்களுக்கு. அம்மா குழம்பை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் கட்சியில் வந்து உட்காருவாள். ஜாபேஸ் பாதியில் தூங்கி என் தோளில் சாய்வான். எனக்கு இந்தச் சங்கீதத்தில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி இந்தக் கட்டிலில் ஊமையாகக் கிடந்தது. அந்தச் சாயங்காலங்களை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

டக்கென்று சத்தம் கேட்டது. நைனாவின் இடது கை கட்டில் கம்பியைத் தட்டியது. சின்ன வயதில் அவர் வசனத்தை விட்டுவிட்டு நாங்கள் தாண்டி ஓடினால் மேசையை அப்படித்தான் தட்டுவார்.

"சரி சரி, உன் வசனத்த நீயே சொல்லு" என்று காத்திருந்தேன்.

முதல் வசனத்துக்கு உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவதை நான் சொன்னேன். மூன்றாவதற்கு மூச்சு வந்தது. நான்காவதை நான் சொன்னேன். ஐந்தாவது, வலது பக்கத்தில் நிழலாக நிற்கிறவரைப் பற்றியது. வராத வலது கையைப் பார்த்துக்கொண்டே "நிழல்" என்றார் நைனா. குழறல்தான், ஆனாலும் நிழல்தான். ஆறாவதை நான் எப்படிச் சொன்னேனோ தெரியாது. ஏழாவதை அவர் முழுசாகச் சொன்னார்.

எட்டு என்னுடையது. போகிறபோதும் வருகிறபோதும் என்றைக்கும் காக்கிறவர் என்று முடியும் வசனம். இத்தனை வருஷம் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தவர், இப்போதும் என் வாயையே பார்த்துக் காத்திருந்தார். சொல்லி முடித்தேன்.

நைனா கண்ணை மூடிக்கொண்டார். வசனம் முடிந்தால் ஜெபம். அது என்றைக்கும் அவர் வேலை. மனப்பாடம் வந்த வாய்க்குச் சொந்த வார்த்தை வரவில்லை. உதடு துடித்து நின்றது. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

"ஆண்டவரே, நான்தான், பிளெஸ்ஸி" என்றேன். "கோவம் இன்னும் போவல. ஆனா வந்துட்டேன். இனிமே தெனம் வரேன்."

"ஆமென்" என்றார் நைனா.