தலைநகரம் எது என்ற கேள்வி

யின் மே காலை உணவுக்கு மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கத் தூக்குப் பாத்திரத்தோடு தெருமுனைக்கு வந்தபோது, கடைசி நாலைந்து லாரிகள் பெருஞ்சாலையில் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தன. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அலுவலக நாற்காலிகளின் கால்கள் துருத்திக்கொண்டு நின்றன. ஒரு லாரியில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே அரசு ஊழியர்கள் சிலர் கோப்புக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் மேசை மின்விசிறி ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார். யாரும் யாருக்கும் கையசைக்கவில்லை. மொகிங்கா விற்கிறவள் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிளறினாள்.

அரசாங்கம் தலைநகரமான யாங்கூனை விட்டு வடக்கே பியின்மனா என்ற சின்ன ஊர்ப் பக்கம் போகப்போகிறது என்ற பேச்சு மழைக்காலம் முழுக்க அடிபட்டுக்கொண்டிருந்தது. வானொலியில் ஒரு வார்த்தை வரவில்லை. பத்திரிகையிலும் இல்லை. அரசாங்கம் சொல்லாத ஒன்றை அந்த வார்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லாரிகளைப் பார்த்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பார்த்ததைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

யின் மேயும் அப்படித்தான் செய்தாள். ஐம்பதைத் தாண்டியவள். அரசுப் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவள், வேலையை விட்டபிறகு வீட்டிலேயே டியூஷன் எடுத்தாள். தெருவில் பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் அவள் 'சயாமா'தான், டீச்சரம்மா. அன்றைக்கு வார்டு மடாலயத்தில் துறவிகளுக்குச் சீவர ஆடை கொடுக்கும் விழா. விழாவில் வருடாவருடம் நடக்கும் பொது அறிவுப் போட்டிக்குக் கேள்விகள் எழுதிக்கொடுப்பவளும் அவள்தான். உலக நாடுகள், கொடிகள், நதிகள், எந்த ஊரில் என்ன பழக்கம் என்று கேள்விகள். சீட்டுகளை எழுதி மடித்து மூன்று வாரத்துக்கு முன்பே மடாலயத்தில் கொடுத்துவிட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்து பந்தலில் கூட்டம் சேர்ந்தது. கிழக்குத் தெரு ஒரு அணி, மேற்குத் தெரு ஒரு அணி. பண நோட்டுகளைச் செருகிய காணிக்கை மரத்துக்குப் பக்கத்தில் மேடை. முன்வரிசையில் வார்டுத் தலைவரும், அவருக்கு வலப்பக்கம் சிறப்பு விருந்தினராக ஊ மியோ நியுனும் உட்கார்ந்திருந்தார்கள். ஊ மியோ நியுன் ஏதோ ஒரு அமைச்சகத்தில் துணை இயக்குநர். முன்னாள் ராணுவ அதிகாரி. அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது சைக்கிள் மணியைக்கூட யாரும் அடிப்பதில்லை.

யின் மே நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ஸோ லாட்டுக்கு நல்ல குரல். அவன்தான் கேள்வியை வாசிப்பவன். வெள்ளிக் கிண்ணம் நிறைய சீட்டுகளைக் கொண்டுவந்து அவன் மேசைமேல் வைத்தான். அதைப் பார்த்த அந்த நொடியில்தான் யின் மேக்கு ஞாபகம் வந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கென்று லேசான கேள்விகள் சிலவற்றையும் அவள் சேர்த்திருந்தாள். அதில் ஒன்று, நம் நாட்டின் தலைநகரம் எது.

யாங்கூன் என்று யாராவது சொல்லி, அவள் சரி என்றால், மேலிடத்து முடிவை மறுத்ததாகும். பியின்மனா என்று சொல்லி அவள் சரி என்றால், அரசு ரகசியத்தை ஒலிபெருக்கியில் அறிவித்ததாகும். தவறு என்றாலும் வம்பு. எழுந்துபோய்க் கிண்ணத்தைக் கிளறி ஒரு சீட்டை எடுக்க முடியுமா? இத்தனை கண்களுக்கு முன்னாலா? கிண்ணத்தில் சீட்டுகள் ஏராளமாக இருந்தன. கேட்கப்போவது முப்பதோ என்னவோ. வராமலே போகலாம். புத்தரை நினைத்துக்கொண்டு கைகளை மடியில் அழுத்திக்கொண்டாள்.

போட்டி நன்றாகவே போனது. நாற்கோணமாக இல்லாத கொடி எந்த நாட்டுக்கு? நேபாளம். மூக்கோடு மூக்கு வைத்து வணங்குகிறவர்கள் யார்? நியூசிலாந்தின் மாவோரிகள். மங்கோலியாவின் தலைநகரத்தை மேற்குத் தெருப் பையன் ஒருவன் பாதி விழுங்கிச் சொன்னான், கூட்டம் சிரித்தது. ஒவ்வொரு சீட்டும் பிரியும்போது யின் மே காகிதத்தின் பின்பக்கத்தையே பார்த்தாள். மை ஊறித் தெரிகிற எழுத்து நீளமா குட்டையா என்று பார்த்தாள். தலைநகரக் கேள்வி குட்டையானது.

பாதியில் ஸோ லாட் இப்படி வாசித்தான்: "கடலோரத்துல இருந்த தலைநகரத்த நாட்டோட நடுப்பகுதிக்கு மாத்தின தென்னமெரிக்க நாடு எது?"

பிரேசில் என்று பதில் வந்தது. சரியான பதில். ஆனால் கைதட்டல் வரவில்லை. பின்வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டுச் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யின் மே அந்தக் கேள்வியை எழுதியதையே மறந்திருந்தாள். வருடாவருடம் எழுதுகிற கேள்வி அது. முன்வரிசையில் ஊ மியோ நியுன் பச்சைத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, சிரிப்பில்லை. அடையாளம் குறித்துக்கொள்வதுபோல ஒரு பார்வை.

இனி அந்த இன்னொரு சீட்டும் வந்தால் தற்செயல் என்று யார் நம்புவார்கள்? திட்டம் போட்டுச் செய்தாள் என்பார்கள். யார் சொல்லிச் செய்தாய் என்பார்கள்.

வந்தது. கிழக்குத் தெரு அணியின் எய் திரி, அவளிடமே டியூஷன் படிக்கிற பதினேழு வயதுப் பெண், கிண்ணத்தில் கைவிட்டு எடுத்துக்கொடுத்தாள். ஸோ லாட் வழக்கம்போல முன்னால் பார்க்காமல் குரலை உயர்த்தினான். "நம்ம நாட்டோட தலைநகரம்..." என்றவன் 'எது'வைக் காற்றாகத்தான் வெளியே விட்டான்.

பந்தலில் விசிறிக்கொண்டிருந்த ஓலை விசிறிகள் நின்றன. எய் திரிக்கு வாய் திறந்தது. யாங்கூனின் முதல் எழுத்துக்கு நாக்கு எழுந்ததை யின் மே பார்த்தாள். அந்தப் பெண்ணும் சயாமாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"தெரியல," என்றாள். வகுப்பிலேயே முதல் மாணவி.

கேள்வி மேற்குத் தெருவுக்குப் போனது. அந்த அணித் தலைவன் நகராட்சியில் வேலைபார்க்கிற, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனும் தரையைப் பார்த்தபடி தெரியாது என்றான். சொந்த நாட்டுத் தலைநகரம் தெரியாமல் இரண்டு தெருவும் உட்கார்ந்திருந்தன. இரண்டு அணிக்கும் தெரியாவிட்டால் நடுவர் பதிலை அறிவிக்க வேண்டும். அதுதான் முறை. ஸோ லாட் ஒலிவாங்கியைப் பாம்பைப் பிடிப்பதுபோலத் தள்ளிப் பிடித்து அவள் முன்னால் நீட்டினான்.

யின் மே தன் குரலை யாரோ பேசுவதுபோலக் கேட்டாள். "இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்டாச்சு. செல்லாது. அடுத்த சீட்டு எடுங்க."

யாரும் கேட்டிருக்கவில்லை. அது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் வார்டுத் தலைவர் தலையை வேகமாக ஆட்டினார். கேட்டாச்சு, கேட்டாச்சு என்று முணுமுணுத்தார். பிறகு கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் லுவினிடம் எல்லாம் சொன்னாள். லுவின் சந்தையில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர், அதிகம் பேசாதவர். பழைய கேள்வித்தாள்கள், வெளிநாட்டு வானொலி நிலையம் ஒன்று எப்போதோ அனுப்பிய நாள்காட்டி, நாட்டின் பழைய பெயர் போட்ட வரைபடம் எல்லாவற்றையும் அவர் அள்ளி அடுப்பில் போட்டார். வரைபடம் எரியும்போது யின் மே அடுப்படியைவிட்டு வெளியே போய்விட்டாள். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் பேச்சை நிறுத்தினார்கள்.

மறுநாள் மதியம் வார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தான். உடனே வரச்சொல்கிறார்கள் என்றான். யார் என்று கேட்டதற்கு ஊ மியோ நியுன் பெயரைச் சொன்னான்.

லுவின் ஒரு துணிப்பையில் பல்துலக்கி, சோப்பு, இடுப்பில் கட்ட மாற்று லோஞ்சி, கம்பளிச் சால்வை எல்லாம் எடுத்துவைத்தார். நவம்பரில் யாங்கூனில் சால்வை யாருக்கும் தேவைப்படாது. சிமெண்ட் தரையில் படுக்கிறவர்களுக்குத்தான் தேவை.

"வயித்து மாத்திரையும் வச்சிருக்கேன்," என்றார் லுவின். "நான் எதுத்தாப்புல டீக்கடையில இருக்கேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்."

அலுவலகத்தின் உள்ளறையில் ஊ மியோ நியுன் தனியாக இருந்தார். வார்டுத் தலைவர்கூட இல்லை. அவரே எழுந்து கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். புழுக்கமாக இருந்தது. உட்காரச் சொன்னார். அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

கேள்விகளை எழுதியது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பிரேசில் கேள்வியும் நீதானா என்றார். எப்போது எழுதியது, யாராவது கேட்கச் சொன்னார்களா, வீட்டுக்கு வெளியூர் ஆட்கள் வருவதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எழுதியது போன மாதம், வருடாவருடம் கேட்பது, யாரும் வருவதில்லை என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சயாமா பூகோளம் நடத்தினவங்கதானே? பியின்மனா எப்படிப்பட்ட ஊரு?"

பொறி வைக்கிறார் என்றே அவள் நினைத்தாள். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வாள். பாடப்புத்தகத்தில் உள்ளது மட்டும் சொல்வது என்று தீர்மானித்து, மாணவி ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். கரும்பு விளைகிறது, சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் தேக்குக் காடு, மாண்டலே போகிற ரயில் அங்கே நிற்கும்.

"அது எனக்கும் தெரியும்," என்றார் அவர். "தண்ணி எப்படி? கொசு உண்டா? மலேரியாக் காய்ச்சல் வருமா?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டைக் காலர் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அடுத்து பியின்மனா போகும் வண்டிகளின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதாம். முதல் நாள்தான் சொன்னார்களாம். குடும்பத்தைக் கூட்டிப்போகக் கூடாது, எப்போது திரும்பலாம் என்று கேட்கவும் கூடாது. மனைவிக்கு ஆஸ்துமா, ராத்திரியில் மூச்சு முட்டினால் எழுப்பித் தூக்கி உட்காரவைப்பவர் அவர்தான். வரமாட்டேன் என்று ராஜினாமா எழுதிக்கொடுத்த ஒருவரை விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். இதையெல்லாம் அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆபீஸ்ல எவன்கிட்டயும் கேக்க முடியாது. ஊரப் பத்தி விசாரிச்சாலே, போக விருப்பமில்லையான்னு கேப்பாங்க," என்றார். "நேத்து அந்தப் பொண்ணு தெரியலன்னு சொன்னப்போ, எனக்கு வேர்த்துப்போச்சு. பதில நான்தான் சொல்லணும்னு யாராவது மைக்க எங்கிட்ட நீட்டிருவாங்களோன்னு."

யின் மேக்கு இரக்கம் வரவில்லை. வந்தது வேறு மாதிரி பயம். இந்த மனிதர் இதையெல்லாம் தன்னிடம் சொல்லிவிட்டார்; நாளைக்குச் சொன்னதை நினைத்து இவரே பயந்தால் என்ன ஆகும்? ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொன்னாள். மலையடிவாரத்தில் கொசு அதிகம், கொதித்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும், மார்ச்சுக்குப் பிறகு வெயில் தாங்காது. ரயிலில் ஒரு பகல் பொழுது பிடிக்கும், லாரியில் கூடவும் ஆகலாம். மனைவிக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் பூகோளத்தில் இல்லை.

கேட்டு முடித்ததும் அவர் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே குமாஸ்தா இருந்தான். அவன் காதில் விழும்படியாக, பழைய கடுமையோடு சொன்னார்: "அடுத்த வருஷம் கேள்விய முன்னாடியே ஆபீஸ்ல காட்டணும். போங்க."

டீக்கடையில் லுவின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த தேநீரில் ஆடை படிந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தார். எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. இருவரும் தெருவைக் கடந்தார்கள்.

"என்ன கேட்டாரு?"

"கொசு இருக்கான்னு கேட்டாரு."

லுவின் நம்பவில்லை. மேற்கொண்டு கேட்கவுமில்லை. அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது அப்போதுதான். வழியில் கிடந்த ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்து, பையிலிருந்த சால்வையை எடுத்து நல்ல வெயிலில் அவளுக்குப் போர்த்திவிட்டார்.

அன்று சாயந்திரமே அரசாங்கம் இடம் மாறுவதை அமைச்சர் ஒருவர் நிருபர்களிடம் சொல்லிவிட்டார் என்று செய்தி வந்தது. வந்தும், தலைநகரம் எது என்று எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. எய் திரி பாடத்துக்கு வந்தவள், வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் என்ன எழுதுவது என்று மெதுவாகக் கேட்டாள்.

"புத்தகத்துல என்ன இருக்கோ அத எழுது," என்றாள் யின் மே.

"புத்தகத்த மாத்திட்டா?"

"மாத்தின புத்தகத்துல இருக்கறத எழுது."

பெண் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து தேதி போட்டாள்.

ஊ மியோ நியுன் அந்த வாரமே லாரியில் போனார். அவர் மனைவி கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் யின் மே பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவாள். அந்த அம்மா இரவில் எப்படி மூச்சு விடுகிறாள் என்பது தனக்குத் தெரிந்திருக்கக் கூடாத ஒன்று என்று அவளுக்குப் பட்டது. வெயில்காலம் தொடங்கியபோது புது நகரத்துக்கு நேபிடோ என்று பெயர் வைத்துப் பத்திரிகையிலேயே போட்டார்கள். லுவின் தின்பண்டத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். யின் மே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, கொஞ்சம் மெதுவாகப் படிக்கச் சொன்னாள்.