கால் அளவுக்கு ஒரு பிரிண்டர்

பிரிண்டர் வாங்கப் போன இடத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றவள் என்று அந்தக் கடைத்தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருக்கட்டும். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. கேட்கிறவர்களை உட்காரவைத்து நானே கதையைச் சொல்கிறேன். தற்பெருமை என்று யாராவது முணுமுணுத்தால், ஆமாம், பெருமைதான், அதற்கென்ன இப்போது?

எங்களுடையது சின்ன ஆபீஸ். முன்னறையில் நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி. பின்னறையில் என் வீட்டுக்காரர், தோல், கத்தி, தையல் மெஷின், எந்நேரமும் பசை வாடை. கடையில் விற்கிற ஷூ பொருந்தாத கால்களுக்கு ஷூ செய்வதுதான் எங்கள் தொழில். ஒன்று நீளம் ஒன்று குட்டை, விரல் மடங்கியது, பாதம் உள்பக்கம் சாய்ந்தது, எந்தக் கால் வந்தாலும் சரி. வருகிறவரின் காலைத் தாளில் வைத்துச் சுற்றிலும் என் வீட்டுக்காரர் பென்சிலால் கோடு போடுவார். அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றி, அடிப்பாகம், மேல்பாகம், லேஸுக்கு அடியில் வருகிற நாக்கு என்று துண்டு துண்டாக பேட்டர்ன் வரைவேன். தடித்த தாளில் நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து வெட்டிக் கொடுத்தால், அதைத் தோலின் மேல் வைத்து அவர் அறுப்பார். ஆக, பிரிண்டரிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் ஷூ.

என் இடது காலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பிறந்ததிலிருந்தே வலதைவிடக் குட்டை. விரல்கள் பஸ்ஸில் இடம் பிடிப்பது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். இவரிடம் ஷூ தைத்துக்கொள்ள வந்தவள்தான் நான். ஷூவும் பொருந்தியது, ஆளும் பொருந்தினார், அப்படியே தங்கிவிட்டேன்.

பழைய பிரிண்டர் பல வருஷம் உழைத்துவிட்டு ஒருநாள் மூச்சை நிறுத்தியது. ஆள் போனதுபோல எனக்குத் துக்கமாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து என் கொழுந்தன் உள்ளே நுழைந்தான். ஊருக்கெல்லாம் போய் ஆர்டர் பிடித்து வருகிறவன் அவன்தான், நல்லவன், ஆனால் எங்கே தள்ளுபடி என்று எழுதியிருந்தாலும் அங்கே நின்றுவிடுவான். அதனால் வீட்டில் அவனுக்கு ‘ஆஃபர்’ என்றே பெயர். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு புது பிரிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

“அண்ணி, பிரிண்ட் எடுக்கும், நகல் எடுக்கும், ஸ்கேன் பண்ணும். கூட ஒரு டீ ஃபிளாஸ்க் இலவசம்!”

“டீயும் அதுவே போடுமா?” என்று கேட்டேன். இருந்தாலும், வேலை நிற்கக் கூடாதே என்று அதையே மாட்டினோம். முதல் வேலையாக அதில் எடுத்தது டீச்சர் பெண்ணின் பேட்டர்ன்.

டீச்சர் பெண் என்றால், இன்னும் டீச்சர் ஆகவில்லை. முதல் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று சேர வேண்டும். நாள் முழுக்க வகுப்பில் நின்று பாடம் சொல்ல வேண்டும். அவளுடைய வலது பாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், குதிகால் அகலம். பிறந்ததிலிருந்து எந்த ஷூவும் அவளுக்குச் சேர்ந்ததில்லை. “நொண்டாம கிளாஸுக்குள்ள நடந்து போகணும்க்கா, அவ்வளவுதான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதெல்லாம் ஜம்மென்று போகலாம் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஷூவை வாங்கிக்கொண்டு போனவள் நாலு நாளில் திரும்பி வந்தாள். குதிகாலில் பிளாஸ்திரி. ஷூவை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேசினாள்.

“ஷூ ரொம்ப அழகா இருக்குக்கா. உங்க மேல ஒரு குறையும் இல்ல. என் கால்தான் சரியில்ல. இது எதுலயும் சேராது. பழைய செருப்பையே போட்டுக்கறேன், நீங்க வருத்தப்படாதீங்க.”

எனக்குச் சுரீர் என்றது. இதே பேச்சை நான் எத்தனை கடைகளில் கேட்டிருக்கிறேன்! என் அம்மா என்னைக் கையைப் பிடித்துக் கடை கடையாக இழுத்துக்கொண்டு போவாள். கடைக்காரர் அரைமணி நேரம் முக்கி முனகிவிட்டு, “ஷூவுல ஒண்ணும் தப்பில்லம்மா, பொண்ணு கால்தான்...” என்று இழுப்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். காலைக் கழற்றித் தூக்கி எறியவா முடியும்?

“நிறுத்து” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. “உன் கால்ல என்ன கண்ணு தப்பு? நாங்க ஷூ செய்யறது காலுக்கு. ஷூவுக்குக் காலு செய்யறது இல்ல. அந்தச் செருப்பையும் போட வேணாம், ஒண்ணும் வேணாம். ஷூவ வெச்சிட்டுப் போ. ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள உன் கால்ல சரியான ஷூ இருக்கும்.”

அவள் போனதும் பின்னறைக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடினேன். என் வீட்டுக்காரர் அறுத்த தோலை எடுத்துத் தாளோடு ஒத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. “என் கத்தி மேல தப்பு இல்லம்மா” என்றார். பிறகு எனக்கு ஏதோ தோன்ற, அவள் காலைச் சுற்றி அவரே போட்ட பென்சில் கோட்டை எடுத்து வந்து, பிரிண்டரில் வந்த தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிரிண்ட் கோடு சுற்றிலும் ஒரு நூல் உள்ளே இருந்தது.

இத்தனை வருஷமாகத் தோலைத் தாளோடு ஒத்துப் பார்க்கிறோம். தாளை எதோடும் ஒத்துப் பார்த்ததில்லை. பழைய மெஷின் அப்படிப் பழக்கிவிட்டிருந்தது. இந்தப் புதுசோ, தாளின் ஓரத்தில் இடம் விடுவதற்காக யாரையும் கேட்காமல் படத்தையே கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறது. கடிதத்துக்கு அது போதும், காலுக்கு? சரி, சுருக்காதே என்று செட்டிங்கை மாற்றினேன். குதிகால் பக்கம் கோடே அறுந்துபோய் வந்தது. மெஷினின் வாய் சின்னது, அதில் நுழைகிற தாளும் சின்னது.

“திருப்பிக் குடுத்துடலாம் அண்ணி” என்றான் ஆஃபர், முகம் தொங்கிப்போய். “ஃபிளாஸ்க்க மட்டும் கேக்க மாட்டாங்க.”

“இந்தத் தடவை நான் வரேன்” என்றேன். “நீ வாயத் தெறக்காம பின்னாடி வா.”

கிளம்பும்போது ஒரு பையில் எங்கள் தடித்த தாள் ஒரு கட்டு, ஸ்டீல் ஸ்கேல், ஒரு பென் டிரைவ் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். பென் டிரைவில் இருந்தது என் இடது காலைச் சுற்றிப் போட்ட கோடு. மற்றவர் காலைப் பிரிண்ட் எடுத்தால் அளவு சரியா என்று அவரைக் கூப்பிட்டல்லவா கேட்க வேண்டும். என் கால் என்னோடுதானே வருகிறது.

ஷோரூம் கண்ணாடியும் குளிருமாகப் பளபளவென்று இருந்தது. டை கட்டிய சேல்ஸ்மேன் ஓடி வந்தார். நல்ல பிள்ளை, சிரித்த முகம், ஆனால் மூச்சு விடாமல் பேசினார். முதலில் ஒரு பெரிய கலர் மெஷினில் கிளிப் படம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“அடேங்கப்பா! றெக்கையில ஒவ்வொரு இழையும் தெரியுதே அண்ணி!” என்று ஆஃபர் வாயைப் பிளந்தான்.

“நாம என்ன கிளிக்கா ஷூ தைக்கிறோம்?” என்றேன்.

எங்கள் தாளை நீட்டினேன். அந்த மெஷின் தாளை உள்ளே வளைத்து வாங்கி வளைத்துத் துப்புகிற வகை. தடித்த தாள் பாதி வழியில் நொறுங்கி நின்றது. கிளி மட்டும் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தது. சேல்ஸ்மேன் அசரவில்லை. அடுத்து ஒரு லேசர் மெஷினில் என் பென் டிரைவைச் செருகி, என் கால் கோட்டை எடுத்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் தாள் வந்து விழுந்தது, கோடு கன்னங்கரேல் என்று இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் மனசு தடுமாறியது. ஆனால் தாளைத் தொட்டால் சுடச்சுட இருந்தது. ஸ்கேலை வைத்தேன். அகலம் சரி, நீளத்தில் மயிரிழை குறைந்திருந்தது.

“சூட்டுல பேப்பர் லேசா சுருங்கும் மேடம்” என்றார் அவர். “ஆனா இவ்வளவு சின்ன வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியப்போவுது?”

“கண்ணுக்குத் தெரியாது தம்பி. காலுக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு செய்துதானே காட்ட வேண்டும். பெரியவளான பிறகு, எங்கள் வீட்டையும் ஆபீஸையும் தவிர வேறு எங்கேயும், யார் முன்னாலும் நான் அந்தக் காலை வெளியில் எடுத்ததே இல்லை. ஒரு கணம் கை லேஸிலேயே நின்றது. உடனே அந்தப் பெண் ஷூவை மடியில் வைத்துத் தடவியது ஞாபகம் வந்தது. சரக்கென்று முடிச்சை அவிழ்த்தேன். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, தாளைத் தரையில் போட்டு, அதன் மேல் காலை வைத்தேன்.

பெருவிரல் கோட்டைத் தாண்டி நின்றது. நின்றதுதான் நின்றது, எல்லோரும் பார்க்கட்டும் என்று நிற்பதுபோல இருந்தது. கம்ப்யூட்டர் பார்க்க வந்த ஒரு குடும்பம் அப்படியே திரும்பிப் பார்த்தது. ஆஃபர் பாவம், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியுதா?” என்றேன். “இந்த இடத்துலதான் ஷூ கடிக்கும். நாள் பூரா கடிக்கும்.”

சேல்ஸ்மேன் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “ஒரு நிமிஷம் மேடம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மூலையில் கிடந்த ஒரு அகலமான மெஷினின் மேல் இருந்த பெட்டிகளை இறக்கிவைத்தார். வீட்டுப் பிளான் வரைகிறவர்கள் வாங்குவதாம். பார்க்க ஒன்றும் லட்சணமில்லை. ஆனால் பின்பக்கம் தாளை நேராகக் கொடுத்தால் வளைக்காமல் நேராக முன்பக்கம் தள்ளியது. அவசரமே இல்லாமல், கோலூன்றி நடப்பதுபோல மெல்ல மெல்ல வரைந்தது. சூடும் இல்லை. தாளைத் தரையில் விரித்தார். நான் மறுபடி காலை வைத்தேன்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த என் வீட்டுக்காரர், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தப் பளபளத் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது. ஆபீஸில் போடுவது போலவே குதிகாலில் ஆரம்பித்து நிதானமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். பென்சில் கோடு பிரிண்ட் கோட்டின் மேலேயே போனது. ஏறி உட்கார்ந்த விரல்களைச் சுற்றியும் அதன் மேலேயேதான் போனது.

“இதுதாம்மா” என்றார். பிறகு தலையைத் தூக்கி, வேடிக்கை பார்த்தவர்களிடம் சத்தமாகவே சொன்னார்: “இது என் சம்சாரம் கால். இந்தக் கால வெச்சுத்தான் நான் தொழிலே கத்துக்கிட்டேன்.”

வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷர்! அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கர்வம்தான் வந்தது, தலைவரைக்கும் வந்தது. அந்தக் கால் என்னுடையது, அதைச் சரியாக வரையத் தெரிந்த மெஷினைக் கண்டுபிடித்ததும் நான். சாக்ஸை அவசரப்படாமல் மாட்டிக்கொண்டேன்.

“இதுக்கு ஏதாவது ஆஃபர்...” என்று ஆரம்பித்தான் கொழுந்தன். நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை முழுங்கிவிட்டான். அந்த மெஷினை வாங்கியதும் ஆபீஸ் வரைக்கும் சுமந்து வந்தவன் அவன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகு ஆபீஸ் பறந்தது. டீச்சர் பெண்ணின் பேட்டர்னைப் புதிதாக எடுத்தோம். இந்த முறை முதலில் தாளைப் பென்சில் கோட்டோடு ஒத்துப் பார்த்தோம், அப்புறம்தான் தோலைத் தொட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் அவள் வந்தாள். ஷூவைப் பார்த்ததும் “அழகா இருக்குக்கா” என்று அதே பழைய குரலில் சொன்னாள். இதுவும் கடித்தால் இவள் இனி ஜென்மத்துக்கும் தன் காலைத்தானே குறை சொல்வாள்.

மாட்டினாள். எழுந்தாள். முன்னறையில் நடந்தாள். கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்ச்சாரி வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். சாய்ந்து சாய்ந்து நடக்கவில்லை. பின்னறை வாசலில் இவர் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வலது ஷூவைப் பார்த்தாள்.

“அக்கா, இங்க பாருங்க. இந்த நாக்கு லேசா கோணலா தைச்சிருக்கு. நடக்கறப்ப ஒரு பக்கமா ஒதுங்குது. சரியா தைச்சுக் குடுங்க.”

“காலு...?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“காலுக்கு என்ன? கால் நல்லாத்தான் இருக்கு. ஷூவுலதான் தப்பு.”

தன் தையலைக் குறை சொன்னால் மூன்று நாள் பேசாமல் இருக்கிற மனுஷர் இவர். பின்னறையிலிருந்து வந்து, அவள் முன்னால் மண்டிபோட்டு, அந்த ஷூவைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உட்காரு கண்ணு, பிரிச்சுத் தைக்கச் சொல்றேன். இன்னும் என்னென்ன தப்பு இருக்கு, எல்லாத்தையும் சொல்லு” என்றேன்.