மேசையில் வைத்த பச்சைத் தொப்பி

"ரெமியோட அம்மா ஒடெட்டுக்கு நீங்களே ஃபோன் பண்ணிச் சொல்லுங்க, கோச். உங்களுக்குப் பதிலா நான் சொல்ல முடியாது."

தலைமைப் பயிற்சியாளர் கல்பெப்பரிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று, அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடும் வேலையில் சேர்ந்த அன்றே கோரலிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நல்ல சேதியை அவர் சொல்வார். கெட்ட சேதியைச் சொல்ல மற்றவர்கள் இருக்கிறார்கள். லூயிசியானாவில் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையால் எறிந்து பிடிக்கிற ஆட்டம், அப்படித்தான் நடக்கிறது.

அறையில் இருந்த உதவிப் பயிற்சியாளர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று தங்கள் காபிக் கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டது போல. ஒருவரும் தலை நிமிரவில்லை.

"காலங்காத்தால சண்டையா, கண்ணு?" கல்பெப்பர் சிரித்தார். "இன்னிக்குப் புதுப் பசங்க காலேஜ்ல சேரக் கையெழுத்துப் போடற நாள். டோனட் இருக்கு, எடுத்துச் சாப்பிடு."

டோனட் பெட்டிக்குப் பின்னால் சின்ன ஃபிரிட்ஜ். அதன் கதவில் பள்ளி மாணவன் ரெமி ஃபோன்டனோவின் பெயர் எழுதிய காந்த வில்லையை யாரோ ஒட்டியிருந்தார்கள். நேற்று மாலை வரை அது சுவர்ப் பலகையில், அடுத்த வருட அணியின் தடுப்பு வரிசையில் இருந்தது. இப்போது பீட்சாக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அவனுக்கென்று வைத்திருந்த, இந்த வருடச் சேர்க்கையின் கடைசி இடம் டேவியனுக்குப் போய்விட்டது. டேவியன், தரம் பார்க்கிறவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்த பையன். வேறு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்திருந்தவன், நேற்றிரவு மனம் மாறி இங்கே வருவதாக அறிவித்துவிட்டான். 'டேவியன் வந்துட்டான். ரெமிகிட்ட நீ சொல்லிடு' என்று லானியிடமிருந்து விடியற்காலை கோரலிக்குச் செய்தி வந்தது. தடுப்பு வரிசைக்குப் பயிற்சியாளர் லானி. இந்தக் கட்டடத்தில் கோரலி நம்பிய ஒரே ஆள் அவர்.

டேவியன் அழகாக ஓடுவான், பறந்து பிடிப்பான். யார் இல்லையென்றார்கள்? ஆனால் பந்தைப் பிடித்து ஓட இந்த அணியில் ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்கிறார்கள். மைதானத்தில் இருப்பது ஒரே ஒரு பந்து. அதை எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நின்று அடி வாங்குகிறவர்களில் மூன்று பேர் படிப்பு முடிந்து கிளம்புகிறார்கள். போன அக்டோபரில் அந்தச் சுவரில் ஓட்டை விழுந்துதான் எறிகிற பையனின் தோள்பட்டை நொறுங்கியது. அவன் அலறியது மேல் தட்டில் உட்கார்ந்திருந்த கோரலிக்கே கேட்டது.

நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் கோடை முகாம்களில் பையன்களை அரைக்கால் சட்டையோடு ஓடவிட்டுப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ரெமிக்குக் கோடை முழுக்க மாமாவின் இறால் படகில் வேலை. முகாமுக்குப் போகாதவனுக்கு இரண்டு நட்சத்திரமே அதிகம் என்று விட்டுவிட்டார்கள். கோரலி அவனைக் கண்டுபிடித்தது ஒரு பள்ளிக்கூட மல்யுத்தப் போட்டியில். நூற்று முப்பது கிலோ உடம்பு, பூனை மாதிரிக் கால். எதிராளி எந்தப் பக்கம் சாய்வான் என்று அவன் இடுப்புக்கு முன்கூட்டியே தெரிந்தது. அன்றைக்கு ஆட்டம் முடியுமுன்பே வெளியே ஓடிவந்து லானிக்கு ஃபோன் செய்தாள். "நம்ம சுவரு கிடைச்சிருச்சு!"

அதன் பிறகு மாதக்கணக்கில் ரெமி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசினாள். வடக்கிலிருந்து எதிரணிக்காரர்கள் அவனைக் கேட்டு வந்தபோது, "வேண்டாம்னு சொல்லிடுங்க, உங்க இடம் எங்ககிட்ட பத்திரம்" என்று ஒடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கல்பெப்பரையும் அழைத்துப் போனாள். ஒடெட் வைத்த கம்போ என்ற இறால் குழம்பை அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். கிளம்பும்போது, "இனிமே இவன் என் பையன்" என்றார். ஒடெட் அழுதுவிட்டாள்.

"அந்த வீட்ல சாப்பிட்டீங்க, கோச்," என்றாள் கோரலி. "அந்தப் பையன் இன்னும் ரெண்டு மணி நேரத்துல ஸ்கூல் ஹால்ல உட்காரப் போறான். எந்தக் காலேஜ்னு டிவிக்காரங்களுக்குப் போட்டுக் காட்ட, மேசையில நம்ம பச்சைத் தொப்பியை நேத்தே எடுத்து வச்சிட்டாங்க. சர்ச் பொம்பளைங்க பச்சைக் கலர்ல கேக் பண்ணி வச்சிருக்காங்க."

"கேக் எந்தக் கலர்ல இருந்தாலும் இனிப்பாத்தான் இருக்கும்," என்றான் மூலையிலிருந்து ஒருவன். இரண்டு பேர் மூக்கால் சிரித்தார்கள்.

கோரலி லானியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. தடுப்பு வரிசை உங்களோடது. ரெமி இல்லாம செப்டம்பர்ல யாரை நிறுத்துவீங்க?"

லானி கழுத்தைச் சொறிந்தார். "வேற காலேஜ்லேர்ந்து விலகி வர்றவன் எவனாவது கிடைப்பான். விடு, கோரலி. இது நமக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சதுதானே."

"யாருக்குத் தெரிஞ்சது?"

லானி கல்பெப்பரைப் பார்த்தார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டேவியன் முடிவு பண்ற வரைக்கும் ஒரு இடத்தைப் பிடிச்சு வைக்கணும்," என்றார் கல்பெப்பர், மழை வரும் என்று சொல்கிற குரலில். "பெரிய இடத்துப் பசங்களைப் போட்டு வச்சுக் கழட்டிவிட்டா அவங்க அப்பனுங்க பத்திரிகைக்காரன்கிட்டப் போவாங்க. இவங்க போக மாட்டாங்க."

"பஸ்ல சீட்டுக்குத் துண்டு போடற மாதிரி."

"நீயே அழகா சொல்லிட்ட."

"அப்ப என்னை எதுக்கு அனுப்பினீங்க?"

"நீ போனாத்தான் அவங்க கதவைத் திறப்பாங்க, கண்ணு. உன் பேச்சு அவங்க பேச்சு. உங்கப்பா சர்க்கரை ஆலைத் தொழிலாளின்னு நீ சொன்னதும் அந்தம்மா உனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுச்சுல்ல? அதுக்குத்தானே உன்னை எடுத்தேன்."

நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடிக்கும் தன் கண்ணுக்காக எடுத்தார்கள் என்று கோரலி நினைத்திருந்தாள். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, இரவெல்லாம் ஆட்டப்படம் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது அதற்குத்தான் என்று நினைத்திருந்தாள். இவர்களுக்கு வேண்டியிருந்தது அவள் அப்பாவின் ஆலை வேலை. சீட்டுக்குப் போட்ட துண்டு ரெமி மட்டும் இல்லை, அவளும்தான்.

"இது தெரிஞ்சுதான் என்னை அங்க விட்டீங்களா, லானி?"

லானி காபிக்குச் சர்க்கரை போட்டார். ஏற்கெனவே போட்டிருந்தார்.

"சரி, பேசி முடிச்சாச்சு," கல்பெப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். "போய் அந்தம்மாகிட்ட நல்லபடியா சொல்லு. அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லு."

"விடியும்போதே சொல்லிட்டேன்."

அவர் புருவம் உயர்ந்தது.

"அந்தம்மா அழல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'அந்த மனுஷன் என் சட்டியில சாப்பிட்டாரு. அவரு வாயாலயே சொல்லட்டும்'னாங்க. அதைக் கேக்கத்தான் மாடியேறி வந்தேன். வேற எதுக்கும் இல்ல."

"நான் அந்த மாதிரி ஃபோன் பண்றதில்ல."

"தெரிஞ்சுபோச்சு, கோச்."

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து ரெமியின் வில்லையைப் பிய்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி டோனட் பெட்டிக்குள், சர்க்கரைத் தூளுக்கு மேலேயே போட்டாள்.

"பத்து மணிக்கு டிவி போட்டுப் பாருங்க. மேசையில பச்சைத் தொப்பி இருக்காது. சிவப்புதான் இருக்கும்."

சிவப்பு, வடக்கத்திய எதிரணியின் நிறம். செப்டம்பரில் முதல் சனிக்கிழமை ஆட்டமே அவர்களோடுதான்.

கல்பெப்பர் முதல்முறையாக நாற்காலியிலிருந்து எழுந்தார். "அவங்களுக்கு யார் சொன்னது?"

"ஆள் தேடிக் குடுக்கறதுதானே என் வேலை? கீழே கார்லேர்ந்து ஃபோன் பண்ணித் தேடிக் குடுத்துட்டேன்."

"கோரலி, நில்லு," என்றார் லானி. "கண்ணு, ஒரு நிமிஷம்..."

அவள் கதவைச் சாத்தவில்லை. படியிறங்கும்போது கல்பெப்பர் யாரையோ உரக்கக் கூப்பிடுவது கேட்டது. அவள் கார் சாவியைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கை விட்டாள்.